கூட வந்தவர்

"இன்னைக்கு யாருங்க்கா?" என்று எஸ்தர் சிஸ்டர் கேட்டாள். "வந்துட்டிருக்காங்க" என்று வசந்தாமணி சொல்லிவிட்டாள். சொல்ல நினைத்து வந்தது அதுவல்ல. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நான்தான் சிஸ்டர், இன்னைக்கு எனக்குத்தான் சிஸ்டர், என்று உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தாள். எத்தனையோ பேருக்காக எத்தனையோ டாக்டர்களிடம் வாதாடிய நாக்கு, சமயம் பார்த்துக் கழன்றுகொண்டது. பழகின தடத்தில் மாடு தானாகப் போகிற மாதிரி வாய் பழைய பதிலைச் சொல்லிவிட்டது. எஸ்தரும் அதைச் சந்தேகிக்கவில்லை. எதற்குச் சந்தேகிக்க வேண்டும்? வசந்தாமணி வந்தால் பின்னாலேயே ஒருத்தி வருவாள், வருஷக்கணக்காக அப்படித்தான். "டாக்டரம்மா மத்தியானம் அவினாசி கெளம்பிருவாங்க. அதுக்குள்ள வரச் சொல்லிருங்க. வெறும் வயித்தோட வரணும்னு சொன்னீங்கல்ல?" என்றாள். "சொல்லிருக்கேனுங்க" என்றாள் வசந்தாமணி. அதில் பொய் இல்லை. நேற்று ராத்திரியிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. நேற்று மகளிர் நலநிதியின் பொதுப் போனிலிருந்து எஸ்தரைக் கூப்பிட்டு, நாளைக்கு ஒரு ஆள் உண்டு சிஸ்டர், ஒரு படுக்கை வையுங்க என்று சொன்னதிலும் பொய் இல்லை. உள்ளே படுக்கை விரித்தாயிற்று. ஆள் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, ஆள் வருவதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

இந்த நாற்காலி அவளுடையது. பச்சை பிளாஸ்டிக், ஒரு கை விரிசல் விட்டது. மற்ற நாற்காலிகள் எல்லாம் சுவரோரம் வரிசையாக இருக்க, இதை மட்டும் இழுத்து உள்ளறையின் அரைக்கதவுக்கு நேரே போட்டுக்கொள்வாள். மின்விசிறிக் காற்று வராத இடம். காரணம் உண்டு. அரைக்கதவு தரைவரைக்கும் இறங்காது, கீழே ஒரு முழம் இடைவெளி. உள்ளே போகிறவளிடம் வசந்தாமணி சொல்லி அனுப்புவது ஒன்றே ஒன்றுதான்: "பயமா இருந்தா கதவுக்குக் கீழ பாரு கண்ணு. என்ற செருப்புத் தெரியும். அது தெரியற வரைக்கும் நான் எங்கியும் போகலைன்னு அர்த்தம்." துணைக்கு வருகிறவர்களை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் அவளே கண்டுபிடித்த யோசனை அது. அதற்காகவே சிவப்பு வார் வைத்த செருப்பு வாங்கினாள். மூத்திரம் முட்டினாலும் எழுந்திருக்க மாட்டாள். வெளியே வந்த பெண்களிடம் கேட்பாள், "தெரிஞ்சுதா?" "தெரிஞ்சுதுங்க்கா, அதையேதான் பாத்துட்டிருந்தேன்" என்பார்கள். நிதியில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவள் முதலில் கற்றுக்கொடுப்பது இந்தச் செருப்புப் பாடம்தான். பதிவில் அதற்கு நொய்யல் மகளிர் நலநிதி என்று நீளமான பெயர். திருப்பூர், ஈரோடு, கரூர் என்று மூன்று ஜில்லாவுக்கும் ஒரே நிதி. வேண்டாத கர்ப்பத்தைக் கலைத்துக்கொள்ள வழியில்லாதவர்களுக்கு ஸ்கேன் செலவு, ஆஸ்பத்திரிச் செலவு, வேலைக்குப் போகாத நாளின் கூலி எல்லாம் கொடுக்கும். பனியன் கம்பெனிப் பெண்கள் மாசாமாசம் போடுகிற சில்லறையில் ஓடுகிறது. சட்டம் கேட்காததையெல்லாம் பெரியாஸ்பத்திரி ஜன்னலில் கேட்பார்கள். புருஷன் கையெழுத்து எங்கே, கையோடு குடும்பக் கட்டுப்பாடும் பண்ணிக்கொள்கிறாயா என்று. அதற்குப் பயந்து மருந்துக் கடையில் எதையாவது வாங்கி விழுங்கிவிட்டு ரத்தப்போக்கில் கிடந்தவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் ஜெரினா டீச்சர் இதை ஆரம்பித்தாள். ஏன் என்று கேட்கக் கூடாது. அதுதான் நிதியின் முதல் விதி. பேர், வயசு, ஊர். அதற்குமேல் அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

ஏன் என்று யாராவது கேட்டால் வசந்தாமணி என்ன சொல்லியிருப்பாள்? நின்றுபோய்விட்டது என்று நினைத்தேன் என்பாள். நாற்பத்தி நாலு வயசு. போன வருஷத்திலிருந்தே ஒரு மாசம் வரும், ரெண்டு மாசம் வராது. விட்டது சனியன் என்று இருந்தாள். பஞ்சுப்பொதியும் துணிப்பொதியும் இல்லாமல் இனி நிம்மதியாகச் சென்னிமலைப் படியேறலாம் என்று இருந்தாள். அப்புறம் ஒரு காலையில் மகளுக்காகப் புளிக்காய்ச்சல் கிளறும்போது அந்த வாசனை தொண்டையில் வந்து இடித்தது. இருபத்தி மூன்று வருஷத்துக்கு முன்னால் இடித்த அதே இடம். உடம்பு மறக்கவில்லை, அவள்தான் மறந்துபோயிருந்தாள். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். புளி அடிப்பிடித்தது. அப்போதாவது ஒரு திடுக்கிடல் வந்திருக்க வேண்டும், அழுகையோ ஆத்திரமோ ஏதாவது ஒன்று வந்திருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டால் அடுத்தவர் கன்னம் மாதிரி இருக்குமே, அப்படி இருந்தது. அன்றிலிருந்து அப்படியே இருக்கிறது. சமைக்கிறாள், துணி காயப்போடுகிறாள், அயல் தெருவில் தன் முகம் யாருக்கும் தெரியாத ஸ்கேன் சென்டராகப் பார்த்துப் போய்ப் படுத்துக்கொண்டு வயிற்றில் சில்லென்று பசை பட்டபோதும் விட்டத்தில் ஒட்டடை அடிக்காமல் விட்டிருக்கிறார்களே என்றுதான் நினைத்தாள். வருகிற வெள்ளிக்கிழமை தாரணிக்கு வளைகாப்பு. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போக வேண்டும். புளிச்சோறு, எலுமிச்சை, தேங்காய், தக்காளி, தயிர்ச்சோறு. தாரணிக்குக் கண்ணாடி வளையலில் பச்சை பிடிக்கும், அவள் மாமியார் சிவப்புத்தான் வேண்டுமென்கிறாள். ரெண்டிலும் அடுக்கிவிட்டால் போகிறது. மகள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு மணையில் உட்காரும்போது, கன்னத்தில் சந்தனம் பூச வருகிற ஆத்தாளும் முழுகாமல் இருந்தால்? நினைப்பு அங்கே போய் முட்டி நிற்கும், மறுபடி வளையலுக்குத் திரும்பும். பச்சையா சிவப்பா. ஆத்தாளும் மகளும் ஒரே நேரத்தில். ஊர் சிரிக்கும். ஊர் கிடக்கட்டும், தாரணியின் முகத்தில் ஒரு நொடி என்ன ஓடும் என்பதைத்தான் அவளால் நினைக்க முடியவில்லை. அவளுக்கு இது வேண்டாம். அதில் ஒரு குழப்பமும் இல்லை. புளி அடிப்பிடித்தபோதே வேண்டாம் என்று தெரிந்துவிட்டது. குழப்பம் வேறு இடத்தில் இருந்தது.

எதிர்ச்சுவரில் ஒரு காலண்டர். குழந்தை ஒன்று ரெண்டு பல்லைக் காட்டிச் சிரித்தது. ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி இந்தக் குழந்தையை மாட்டிவிடுகிறார்கள், கண்ணில்லாத ஜனங்கள் என்று எப்போதும் திட்டுவாள். இன்று திட்டத் தோன்றவில்லை. குழந்தை சிரித்தது, இவள் பார்த்தாள், அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு கர்ப்பிணியும் அவள் மாமியாரும் உட்கார்ந்து நிலக்கடலை உரித்தார்கள். கடலைத் தோல் பறந்து வந்து இவள் செருப்பில் உட்கார்ந்தது. செருப்பு. ஜெரினா டீச்சரிடம் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் இந்நேரம் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து ஆஸ்பத்திரியையே அதட்டிக்கொண்டிருப்பாள். ஆனால் டீக்கடை ஞாபகம் வந்துவிடுகிறது. போன வருஷம் கரூர்ப் பக்கத்திலிருந்து நாற்பத்தி ஆறு வயசு அம்மா ஒருத்தி வந்தாள். பேரன் பேத்தி எடுத்தவள். எல்லாம் நல்லபடியாக முடிந்து பஸ் ஏற்றிவிட்டு, நிதிக்காரர்கள் எல்லாம் டீ குடிக்க நின்றபோது டீச்சர் டம்ளரை ஊதிக்கொண்டே, "பரவால்ல, அண்ணனுக்கு இந்த வயசுலயும் நல்ல வேகந்தான்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணமில்லாத சிரிப்பு. நாள் முழுக்க அடுத்தவர் பயத்தைத் தூக்கிச் சுமந்தவர்கள் இறக்கிவைத்துவிட்டுச் சிரிக்கிற சிரிப்பு. வசந்தாமணிக்குப் புரையேறி மூக்கில் டீ வந்துவிட்டது, அப்படிச் சிரித்தாள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவள் அவள்தான். இப்போது அந்தச் சிரிப்பு காதுக்குள் வட்டம் போடுகிறது. அதில் தன் குரலைத் தனியாகப் பிரித்துக் கேட்க முடிகிறது. வெட்கப்பட ஒன்றுமில்லை கண்ணு, இது உன் உடம்பு, என்று எத்தனை பேரிடம் சொன்ன குரல் அது! ஊருக்குத்தான் உபதேசம். வெட்கமாக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. வெட்கம் இருக்க வேண்டிய இடத்தைத் தொட்டுப் பார்க்கிறாள், மரத்துக் கிடக்கிறது.

புருஷன் சென்னியப்பனிடம் சொல்லியிருக்கலாம். நல்ல மனுஷன். கை நீட்டியதில்லை, குடித்ததில்லை. நிட்டிங் மெஷினில் ஊசி உடைந்தால் சத்தத்தை வைத்தே எந்த ஊசி என்று சொல்லிவிடுவார். பொண்டாட்டி சோற்றைப் பிசைந்துகொண்டே சாப்பிடாமல் எழுந்துபோவதை மட்டும் இன்னும் கவனிக்கவில்லை. சொன்னால் ஒரு நிமிஷம் தலையைச் சொறிவார், "உன்ற இஷ்டம் மணி" என்பார். சாயங்காலம் தங்கச்சிக்குப் போன் போட்டு, "ஒரு விஷயம், யாருகிட்டயும் சொல்லீராத" என்று ஆரம்பிப்பார். ஓட்டை வாய். அந்தத் தங்கச்சியோ, வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்த மாதிரி வளைகாப்புப் பந்தி முடிவதற்குள் பாயசத்தோடு சேர்த்துப் பரிமாறிவிடுவாள். அவரிடம் இன்று காலையில் வளையல் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். திரும்பும்போது வாங்கிவிடலாம். மறந்துவிடக் கூடாது. பச்சையும் சிவப்பும். பணம் பையில் இருந்தது, ஆஸ்பத்திரிக்கும் வளையலுக்கும். பணம் இல்லாமல் அல்ல அவள் இப்படி உட்கார்ந்திருப்பது. எஸ்தரின் மேஜைமேல் இருக்கிற பெரிய பேரேட்டில் கூட வந்தவர் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் கையெழுத்து விழாமல் இந்த ஆஸ்பத்திரியில் யாரையும் உள்ளே படுக்கவைக்க மாட்டார்கள். அந்தக் கட்டத்தைப் போட வைத்தவளே வசந்தாமணிதான். முன்னால் ஒருமுறை தனியாக வந்த பெண் ஒருத்தி, முடிந்ததும் தனியாகவே எழுந்து, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து, கழிப்பறை வாசலில் மயங்கி விழுந்து கிடந்தாள். அன்று டாக்டர் பத்மலோசனியின் மேஜைக்கு முன்னால் நின்று வசந்தாமணி கத்தின கத்து ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டது. "புருஷன் வேண்டாம், ஆத்தா அப்பன் வேண்டாம், ஆனா யாரோ ஒருத்தர் இருக்கணும் மேடம். யாருமில்லைன்னா எங்களக் கூப்பிடுங்க. தனியா மட்டும் அனுப்பாதீங்க." டாக்டரம்மா அடுத்த வாரமே கட்டம் போட்டுவிட்டார். அந்தக் கட்டம் நெடுக அவள் கையெழுத்துத்தான். கே. வசந்தாமணி, கே. வசந்தாமணி. உறவு என்கிற இடத்தில் அக்கா, அக்கா, அக்கா. இன்று அவள் பேர் வேறு கட்டத்தில் விழ வேண்டும். பக்கத்துக் கட்டத்தில் யார்? விதியை மாற்றச் சொல்ல அவளுக்கு வாயில்லை. தன் கையாலேயே தைத்த சட்டை, தலை நுழையவில்லை.

"வந்துட்டாங்களாக்கா?" என்று எஸ்தர் மறுபடி எட்டிப் பார்த்தாள். "பஸ்ஸு கெடைச்சிருக்காது" என்றாள் வசந்தாமணி. பொய் இப்போது சுத்தப் பொய்யாகிவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை. இப்படியே மத்தியானம் ஆகிவிட்டால் டாக்டரம்மா கிளம்பிவிடுவார். ஆள் வரவில்லை சிஸ்டர், மனசு மாறிட்டாங்க போல, என்று சொல்லிவிட்டு எழுந்துபோகலாம். அப்படியும் நடப்பதுண்டு. எஸ்தர் ஒன்றும் நினைக்க மாட்டாள். அடுத்தது வளைகாப்பு கழித்துத்தான் வர முடியும். அதற்குள் புடவையில் தெரிய ஆரம்பிக்குமா? முன்பு தாரணி வயிற்றில் இருந்தபோது சீக்கிரமே தெரிந்துவிட்டது. ரெண்டாவதுக்கு இன்னும் சீக்கிரம் தெரியும் என்பார்கள். ரெண்டாவது. அந்தச் சொல்லை அவள் இதுவரை நினைக்கவில்லை. நினைத்துப் பார்த்தாள். சொல் வந்து நின்றது, ஒன்றும் செய்யாமல் போய்விட்டது. இப்படி ஒன்றுமே தோன்றாமல் இருக்கிறேனே, நான் என்ன ஜென்மம் என்று ஒரு பயம் மட்டும் சன்னமாக ஓடியது. அழுகிறவர்களைத்தான் இத்தனை வருஷமாகப் பார்த்திருக்கிறாள். அழாதவர்களும் இருந்தார்கள். அவர்களைப் பார்த்து, தைரியசாலி என்று நினைத்திருக்கிறாள். அவர்களுக்கும் கன்னம் இப்படித்தான் மரத்துக் கிடந்ததா? கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்பதுதானே விதி.

பைக்குள் போன் அதிர்ந்தது. நிதியின் போன். பொத்தான் வைத்த பழைய போன், மூடி கழன்றுவிடாமல் ரப்பர் பேண்ட் போட்டது. இந்த வாரம் அவள் முறை. இன்றைக்காவது வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாம்தான், கொடுத்தால் காரணம் கேட்பார்கள். எடுத்தாள். எடுத்ததும் அவள் குரல் மாறியது. அது அவளுக்கே கேட்டது. உள்ளேயிருந்து வேறொரு பொம்பளை, சாப்பிட்டுத் தூங்கி எழுந்த தெம்புள்ள பொம்பளை, வந்து பேசினாள்.

"சொல்லுங்க கண்ணு. கேட்டுட்டிருக்கேன்."

 பின்னால் தையல் மெஷின்களின் இரைச்சல் தூரத்தில் கேட்டது. பிறகு ஒரு பெண் குரல், தெற்கத்திக் குரல். "அக்கா, கம்பெனியில ஒரு அக்கா இந்த நம்பரத் தந்தாங்க. எனக்கு... எனக்கு இது வேணாம்க்கா."

"சரி கண்ணு. பேரு, வயசு, எந்த ஊருன்னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

"முத்துப்பேச்சிக்கா. இருவத்தி ரெண்டு. கமுதிப் பக்கம். இப்ப இங்க ஹாஸ்டல்ல இருக்கேன்." பிறகு அடக்கிவைத்திருந்தது உடைந்து வந்த மாதிரி அவளே தொடர்ந்தாள். "அக்கா, நான் ஒண்ணு கேக்கவா? எனக்கு அழுகையே வரலக்கா. கூட இருக்கிறவ, ஒனக்கு மனசே இல்லையாடின்னு கேக்குறா. நெசமாவே ஒண்ணுமே தோணல. மாடு மாதிரி வேலைக்கிப் போறேன், வாறேன். நான் கெட்டவளாக்கா?"

வசந்தாமணியின் வாய் தயங்கவில்லை. "அழுகை வந்தாலும் சரி கண்ணு, வராட்டியும் சரி. பயத்துல உடம்பு அப்படித்தான் மரத்துப்போகும். ஒரு நாள் வரும், இல்லாட்டி வராமலேயும் போகும். அதுல நல்லவ கெட்டவன்னு ஒண்ணும் கெடையாது." சொல்லி முடித்த பிறகு அந்த வார்த்தைகள் ஆஸ்பத்திரிக் கூடத்தில் நின்றன. யார் சொன்னது? இதை எங்கே படித்தாள்? எங்கும் படிக்கவில்லை. புதிதாக இருந்தது. யாரோ தன்னிடம் சொன்ன மாதிரி இருந்தது.

"சரிக்கா. ஆனா கூட யாரும் வர வேணாம்க்கா. காச மட்டும் குடுத்தீங்கன்னா நானே போயிட்டு வந்துருவேன். யாரு முன்னாடியும் போயி நிக்க முடியாதுக்கா என்னால."

"வேண்டாங்கறவங்களுக்குத்தான் கண்ணு கண்டிப்பா ஆளு வேணும்" என்றாள் வசந்தாமணி. இதுவும் வழக்கமாகச் சொல்வதுதான். சொல்லிச் சொல்லித் தேய்ந்த வசனம். சொல்லிவிட்டு எஸ்தரின் மேஜைமேல் இருந்த பேரேட்டைப் பார்த்தாள். நிலக்கடலை உரிக்கிற சத்தம் கேட்டது. "அக்கா? இருக்கீங்களாக்கா?" "இருக்கேன் கண்ணு. நாளைக்குக் காலைல ஒருத்தர் உனக்குப் பேசுவாங்க. அவங்க உன்கூடவே வருவாங்க. ஒண்ணும் கேக்க மாட்டாங்க. சும்மா உக்காந்திருப்பாங்க, அவ்வளவுதான்." "நீங்க வர மாட்டீங்களாக்கா?" "நாளைக்கு எனக்கு முடியாது கண்ணு. நாளைக்கு நான் படுத்திருப்பேன்" என்றாள். எதற்கு அதைச் சொன்னாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. "ஒடம்பு சரியில்லையாக்கா?" என்று அந்தப் பிள்ளை கேட்டது. "சரியாயிரும்" என்றாள் வசந்தாமணி.

போனை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எஸ்தர் மூன்றாம் முறை எட்டிப் பார்த்து வாயைத் திறப்பதற்குள், ஒரு நிமிஷம் என்று கை காட்டிவிட்டு, அதே போனில் ஜெரினா டீச்சரின் எண்ணை அழுத்தினாள். தன் போனிலிருந்து கூப்பிட்டிருந்தால் மணி பேசுகிறாள் என்று டீச்சர் கதை பேச ஆரம்பிப்பாள். இந்த நம்பர் என்றால் வேலை என்று தெரியும்.

"சொல்லு மணி. யாருக்கு?" என்றாள் டீச்சர். பின்னால் குக்கர் இரைந்தது.

"டாக்டர் பத்மலோசனியம்மாகிட்ட ஒரு ஆளு வந்திருக்குது டீச்சர். கூட இருக்க யாருமில்லை. டாக்டரம்மா மத்தியானம் கெளம்பீருவாங்க."

"நீ எங்கிருக்கறே?"

"இங்கதான். ஆனா என்னால கூட இருக்க முடியாதுங்க டீச்சர்."

"சரி, நான் வாரேன். குக்கர எறக்கி வெச்சுட்டு ஆட்டோவுல வந்தர்றேன். பேரு என்ன?"

குக்கர் ஒரு விசில் விட்டது. அது அடங்கும்வரை வசந்தாமணி காத்திருந்தாள். அடங்கிவிட்டது. இனி மறைந்துகொள்ளச் சத்தமும் இல்லை.

"வசந்தாமணி" என்றாள்.

அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் காலண்டர்க் குழந்தை சிரித்தது. டீச்சர் இப்போது என்னடி என்பாள், எத்தன நாளா என்பாள், அண்ணனுக்குத் தெரியுமா என்பாள், டீக்கடையை நினைப்பாள். கட்டாயம் நினைப்பாள்.

"வயசு?" என்று கேட்டாள் டீச்சர். 

"நாப்பத்தி நாலு."

"ஊரு?"

"இதே ஊருதானுங்க."

"சரி. நைட்டி, துணியெல்லாம் பையில இருக்குது, எடுத்துட்டு வாரேன். சுக்குக் காப்பியும் போட்டு எடுத்துட்டு வாரேன், முடிஞ்சதும் குடிக்கறதுக்கு. அந்தப் புள்ளைகிட்டச் சொல்லு மணி, பயப்பட வேண்டாம்னு. நான் வர்ற வரைக்கும் நீ அவகூட இரு."

"சொல்றேனுங்க டீச்சர்" என்றாள் வசந்தாமணி.

எழுந்து எஸ்தரின் மேஜைக்குப் போனாள். கால் மரத்திருந்தது, அவளைக் கேட்காமலேயே நடந்தது. "வந்துட்டாங்களா?" என்றாள் எஸ்தர். "வந்தாச்சு." "எங்கக்கா, காணமே?" "நான்தான் சிஸ்டர்." எஸ்தர் நிமிர்ந்து பார்த்தாள். நெற்றியில் ஒரு கேள்வி கூடி வந்து, கலைந்தது. கெட்டிக்காரி. பேனாவைத் திருப்பிப் பிடித்துப் பேரேட்டைத் திறந்து, வழக்கமாக வசந்தாமணி எழுதாத கட்டத்தில் வசந்தாமணி என்று எழுதினாள். "கூட யாருங்க?" என்று கேட்டாள், ரொம்ப மெதுவாக. "வந்துட்டிருக்காங்க" என்றாள் வசந்தாமணி. காலையில் சொன்ன அதே பதில். இப்போது அது நிஜமாகிவிட்டிருந்தது.

டீச்சர் வந்தபோது முகம் கழுவாமல், மாவு ஒட்டின முந்தானையோடு வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டாள். உறவு என்கிற இடத்தில் கொஞ்சம் யோசித்து அக்கா என்று எழுதினாள். பையைக் கொடுக்கும்போது மட்டும் வசந்தாமணியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, "கிறுக்கி" என்றாள். பிறகு போய்ப் பச்சை நாற்காலியில் உட்கார்ந்து, அதை அரைக்கதவுக்கு இன்னும் நேராக இழுத்துப் போட்டுக்கொண்டு, ரெண்டு காலையும் ஒட்டி முன்னால் நீட்டிவைத்தாள். தவிட்டு நிறச் செருப்பு. ஒன்றில் குதிகால் தேய்ந்திருந்தது. பாடம் சொல்லிக்கொடுத்தவளுக்கே பாடம் ஒப்பிக்கிற மாதிரி, "கீழ பாரு மணி, தெரியும்" என்றாள்.

உள்ளே அவள் இதுவரை வந்ததில்லை. வாசல்வரைக்கும்தான். ஒரு தடவை அறை காலியாக இருந்தபோது வாசலிலேயே குனிந்து பார்த்து, நாற்காலிக் கால் தெரிகிறது என்று உறுதிப்படுத்திக்கொண்டதோடு சரி. படுக்கை உயரமாக இருந்தது. முக்காலியில் ஏறி, நிதியின் நைட்டியோடு மல்லாந்து படுத்து, எஸ்தர் ஊசி போடக் கையைத் தேய்த்து நரம்பு தேடுகிற நேரத்தில் தலையைத் திருப்பிக் கதவுக்குக் கீழே பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. கருவிகள் வைத்த தள்ளுவண்டியின் காலும், அதற்கு அப்பால் கொஞ்சம் தரையும்தான் தெரிந்தன. தலையைத் தூக்கிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் தரை. படுக்கையின் உயரத்துக்கு அந்த இடைவெளி எட்டவே எட்டாது. யாருக்கும் எட்டியிருக்காது. இத்தனை வருஷத்தில் இந்தப் படுக்கையில் படுத்த ஒருத்திக்கும் அவளுடைய சிவப்பு வார் தெரிந்திருக்காது. வெளியே வந்து, தெரிஞ்சுதுங்க்கா, அதையேதான் பாத்துட்டிருந்தேன் என்றார்கள். கால் நடுங்க நடுங்க, உதடு வெளுத்து, அவள் மனசு நோகக் கூடாதென்று சொன்னார்கள். கரூர் அம்மாவும் சொன்னாள். அவள்கூடச் சொன்னாள், தெரிஞ்சுது சாமி என்று.

அப்போதுதான் கன்னத்தில் மரத்திருந்தது விட்டது. முதலில் காது வழியாக ஓடித் தலையணையில் இறங்கிய பிறகுதான் அது கண்ணீர் என்று அவளுக்குத் தெரிந்தது. எஸ்தர் ஊசியை நிறுத்திவிட்டு, "வலிக்குதாக்கா?" என்றாள். இல்லை என்று தலையாட்டினாள்.

"மணி" என்று வெளியிலிருந்து டீச்சரின் குரல் கேட்டது. "என்ற செருப்புத் தெரியுதா?"

"தெரியுதுங்க டீச்சர்" என்றாள் வசந்தாமணி.